கைலாசத்துக்கு அனுப்பிய வழக்கு

நான் ஒரு நாள் நீதவானாக இருந்தவன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டு வந்தவன் எப்படி நீதவான் ஆவான் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இவ்வளவு படித்த நீங்கள் ஒரு நாளாவது ஆனீர்களா?

சில காலத்துக்கு முன் எங்கள் டவுன் மண்டபத்தில் ஒரு கூட்டம். சட்டத்திலும் இலக்கியத்திலும் நீதவான் என்ற தலைப்பில் பேசக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கதைகளிலும் கூத்துகளிலும் வரும் நீதவான் ஒன்று தெய்வமாக இருக்கிறார், இல்லாவிட்டால் கோமாளியாக இருக்கிறார், இரண்டுக்கும் நடுவில் மனுசனாக வருவதே இல்லை என்றார். நான் முன்வரிசையில் இருந்தேன். அந்த மண்டபத்து நாற்காலிகள் முழுக்க நான் கொடுத்தவை, ஆகையால் முன்வரிசை எனக்கு எப்போதும் உண்டு. எழுந்து நின்று, நான் இரண்டாகவும் ஒரே மத்தியானத்தில் இருந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கேட்காததை இங்கே எழுதிவைக்கிறேன்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தலவாக்கலைக்கும் அட்டனுக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் துரையுடையது, நாங்கள் அதில் இருந்தோம். நான் அங்கே கவ்வாத்து வெட்டினேன். என்னைப் போல ஒரே வீச்சில் தேயிலைச் செடியின் தலையைச் சீவுகிற ஆள் அந்த மலையில் இல்லை. ஆனாலும் எனக்கு மேலே வளரவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அட்டன் கோர்ட்டுக்கு எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவேன். இன்றைக்கு எனக்கு இரண்டு கடையும் லொறியும் இருக்கின்றன என்றால் அதற்கெல்லாம் அந்தத் தட்டும் கிளாசும்தான் முதல்.

கோர்ட்டில் யாரும் போகமுடியாத இடத்துக்குத் தேத்தண்ணிக்காரன் போகலாம். வழக்குப் பேசும் புரொக்டர் ஐயாமாருக்கு என்னைத் தெரியும். எல்லோர் பேச்சையும் இங்கிலீசில் மாற்றும் கோர்ட்டு முதலியாருக்கும் என்னைத் தெரியும். நீதவான் ஐயாவின் அறைக்குள்ளே நான் கதவைத் தட்டாமலே போவேன். அவர் யாழ்ப்பாணத்து மனுசர், மெலிந்த உருவம். ஆசனத்தில் இருக்கும்போது ஊரே மூச்சை அடக்கிக்கொள்ளும். அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறும் தேத்தண்ணி குடிப்பார். அந்தக் காட்சியைப் பார்த்தவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் என்று அடித்துச் சொல்லுவேன்.

அங்கே நின்று நான் கற்ற சட்டம் கொஞ்சமில்லை. கூத்தில் வருகிற ராஜா யாரையும் கேட்காமல் தலையை வெட்டச் சொல்லிவிடுவார். நீதவானால் சாட்சி இல்லாமல் ஒருவன் நகத்தைக்கூட வெட்டமுடியாது. சண்டை, குடி, கோழித் திருட்டு என்றால் அவரே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கொலை வழக்கு வந்தால் சாட்சிகளை விசாரித்து எழுதிக்கொண்டு, கண்டியில் கூடுகிற பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். தீர்ப்புக்காக அழுதுகொண்டு நிற்கிற சனங்களுக்கு அதை விளக்கிச் சொல்லுகிற வேலை என்னுடையது. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப்போன மன்மதனை அவர் நெற்றிக் கண்ணால் எரித்ததும், ரதி அழுது புலம்பியதும், உன் கண்ணுக்கு மட்டும் உன் புருசன் தெரிவான் என்று சிவன் அவளுக்கு வரம் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதிலே வாதம் ஒன்று உண்டு. மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை, ரதியின் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று மற்றக் கட்சி பாடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பெயர். எங்கள் தோட்டத்தில் மேல் லயம் முழுக்க எரிந்த கட்சி, கீழ் லயம் முழுக்க எரியாத கட்சி. பிறக்கும்போதே கட்சியோடுதான் பிறப்பான். எரிந்த கட்சிக்குத் தலைவர் என் சித்தப்பா. எரியாத கட்சிக்குத் தலைவர், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூள் சலிக்கிற ஒருவர். அவர் பாட ஆரம்பித்தால் ஸ்டோர் சங்கு ஊதுகிறது என்று எண்ணி ஆட்கள் கொழுந்துக் கூடையைத் தூக்குவார்கள்.

ஒரு வருஷம் வாதம் முற்றித் தப்பு மேளம் கிழிந்தது. பிறகு இரண்டு மண்டை கிழிந்தது. போலீஸ் வந்து தலைவர்கள் இருவரையும் அட்டனுக்குக் கொண்டுபோனது. நான் தேத்தண்ணித் தட்டோடு கோர்ட்டுக்குள் நிற்கிறேன், என் சித்தப்பா குற்றவாளிக் கூட்டில் நிற்கிறார். எதற்காகச் சண்டை என்று நீதவான் கேட்டார். மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதற்காக என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். நீதவானும் தமிழர், நிற்கிறவர்களும் தமிழர், இருந்தாலும் எழுதுவது இங்கிலீசில் என்பதால் முதலியார் அதை மாற்றிச் சொன்னார். என்ன சொன்னாரோ, பக்கத்தில் நின்ற போலீஸ் சார்ஜன் பேனாவை எடுத்து, எரிந்துபோன ஆள் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்டார்.

நீதவான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தால் அவர் மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடுவார். அன்றைக்கு வெகுநேரம் தேடினார். பிறகு, ஒரு வருஷத்துக்கு இருவரும் சண்டை போடாமல் நல்லபடி நடக்கவேண்டும் என்று பிணையில் விட்டார். பிணைக்குக் கையெழுத்துப் போடத் தோட்டத்திலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. நாலா பக்கமும் பார்த்துவிட்டு, சித்தப்பாவுக்கு எரியாத கட்சித் தலைவரும், அவருக்குச் சித்தப்பாவும் பிணை நிற்கலாம் என்று சொல்லிவிட்டார். இவன் கை ஓங்கினால் அவன் மாட்டுவான், அவன் ஓங்கினால் இவன் மாட்டுவான். அந்த வருஷம் முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா இருமினால் அவர் கொத்தமல்லி அனுப்புவார், இருமல் எரிச்சலில் யார்மேலாவது கை வைத்துவிடக்கூடாதே என்று.

விடும்போது நீதவான் ஒரு வார்த்தை சொன்னார். "அடுத்த முறை பாடேக்கை நடுவிலை ஒராளை வையுங்கோ."

அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். எங்கள் கூத்து மாஸ்டர் அதைக் கோர்ட்டு உத்தரவாக எடுத்துக்கொண்டார். துரையும், இன்னொரு முறை சண்டை வந்தால் கூத்துக்கு நடுகிற காமன் கம்பத்தை வெட்டிவிடுவேன், இனிமேல் இந்தத் தோட்டத்தில் கூத்தே கிடையாது என்று சொல்லியிருந்தார். ஆகவே அடுத்த மாசிக்கு ஒரு நீதவான் வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டார்கள், அவருக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்தது. பெரிய கிளாக்கர் ஐயாவைக் கேட்டார்கள், அவர் தன் கல்யாணக் கறுப்புக் கோட்டை மட்டும் தருவதாகச் சொன்னார். பிறகு என்னைத் தேடி வந்தார்கள். முதலிலேயே வந்திருக்கலாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது, அதைச் சொல்லவேண்டும். எரியாத கட்சித் தலைவருக்கு ஒரு மகள். கொழுந்து மலையில் அவள் நிரையில் நின்றால் கங்காணிகூட மரியாதையாகப் பேசுவார். எனக்கும் அவளுக்கும் இஷ்டம். இரண்டு லயத்துக்கும் அது தெரியும். அவள் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் கட்சி வேறு என்பதால் பேச்சு ஒரு இடத்திலேயே நின்றது. நான் நீதவான் ஆனேன் என்று கேள்விப்பட்டதும் மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"எங்க கட்சி ஜெயிச்சா அடுத்த மாசமே பந்தல் போடுறேன் மாப்ள. தோத்துச்சுன்னா, எரிச்சவன் வீட்டுக்கு எம்மக வெளக்கேத்த வரமாட்டா. நான் ஒங்கள எதுவும் சொல்லல. நீங்க நீதவானு. ஒங்க இஷ்டம்."

அங்கிருந்து மேல் லயத்துக்கு ஏறி வருகிறேன், சித்தப்பா வழியிலேயே நிற்கிறார். எனக்கு அப்பா இல்லை. பெண் கேட்கப்போனால் அப்பா இடத்தில் நிற்கவேண்டியவர் அவர்தான்.

"அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னேன்னா," என்றார், "அப்பன் எடத்துல நிக்க வேற ஆளப் பாத்துக்க. நம்ம கட்சி எரிஞ்ச கட்சி. ஒங்கப்பன் அதுக்காகப் பாடித்தான் தொண்டையக் கெடுத்துக்கிட்டாரு."

எரிந்தான் என்றால் பெண் இல்லை. எரியவில்லை என்றால் பெண் கேட்க ஆள் இல்லை. மன்மதனுக்கு வந்த ஆபத்தைவிட இது பெரியது. அவனுக்காவது ரதி கிடைத்த பிறகுதான் ஆபத்து வந்தது.

மறுநாள் அட்டனில் நீதவான் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கையில் சீனியோடு இருந்தார். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்களாக இருந்தால் வழக்கை எப்படிக் கேட்பது என்று கேட்டேன். அப்படியென்றால் அந்த வழக்கை நீ கேட்கவே கூடாது என்றார். இதுதான் படித்தவர்கள் சட்டம். எங்கள் தோட்டத்தில் இரண்டு பக்கமும் சொந்தமில்லாத ஆள் வேண்டுமென்றால் துரையின் நாயைத்தான் ஆசனத்தில் வைக்கவேண்டும். அதை அவரிடமே சொன்னேன். அவர் லாச்சியைத் திறந்து கொஞ்சநேரம் தேடினார். பிறகு கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

"ஒரு நீதவானுக்கு முதல் தெரியவேண்டியது சட்டமில்லையப்பா. தன்ரை அதிகாரம் எங்கை முடியுது எண்டதுதான்."

எனக்கு அது அப்போது விளங்கவில்லை என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். விளங்கியது. எதற்குப் பயன்படும் என்பதுதான் தெரியவில்லை.

சாமி காரியத்தில் உட்காருகிறவன் காப்பு இல்லாமல் உட்காரக்கூடாது என்று கூத்து மாஸ்டர் என் கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டார். ரதி, மன்மதன் வேஷக்காரர்களுக்குக் கட்டுகிற அதே காப்பு. கட்டினால் கவிச்சி இல்லை, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, வாயால் சொன்னதைத் திருப்பி வாங்கக்கூடாது. கடை முதலாளிக்கு, நான் நீதவானாகப் போகிறேன், சில நாள் வரமாட்டேன் என்று ஆளனுப்பிச் சொன்னேன். அவர், வரும்போது பாலும் வாங்கிவா என்று சொல்லி அனுப்பினார்.

வழக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில். கொழுந்து நிறுக்கிற மேசையைப் போட்டு, ஆஸ்பத்திரி நாற்காலியை வைத்தார்கள். கிளாக்கர் ஐயாவின் கோட்டு எனக்கு முழங்கால் வரை வந்தது, பாச்சா உருண்டை வாசம் வேறு. நீதவானுக்குத் தலையில் நரைத்த முடி வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். நம் நீதவான் தலையில் எண்ணெய்தான் இருக்கிறது, முடியெல்லாம் வைப்பதில்லை என்று நான் சொன்னேன். நான் தினமும் பார்க்கிற ஆள். யார் கேட்டார்கள். கூத்துப் பெட்டியிலிருந்து ரிஷி வேஷத்துச் சடையை எடுத்து மாட்டிவிட்டார்கள். தலையில் ரிஷி, கீழே கிளாக்கர். கையில் ஒரு சுத்தியலும் வேண்டும் என்றார்கள். பேனா போதும் என்றேன். பேனா தூரத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது என்று என்னுடைய பழைய கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். இலக்கியத்தில் வருகிற நீதவான் ஏன் அப்படி இருக்கிறார் என்று கொழும்புப் பெரியவருக்கு நான் சொல்லியிருப்பேன். பார்க்கிற சனங்கள் கேட்கிறார்கள், அதனால்தான்.

நான் ஆசனத்தில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி கேட்டேன். எதிரி யார்? வழக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்ட எதிரி ஒருவர் வேண்டும். இரண்டு கட்சியும் ஒன்றையொன்று பார்த்தன. எரித்தார் என்று சொல்வது யாரை? சிவனை. அப்படியானால் எதிரி அவர்தான். சிவன் வேஷக்காரர் துரை பங்களாத் தோட்டத்தில் பூச்செடி பார்க்கிறவர், சாதுவான மனுசர். புலித்தோலோடும் கழுத்துப் பாம்போடும் எழுந்து வந்து, கூடைகளை அடுக்கிச் செய்த கூட்டுக்குள் நின்றார். நின்றவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, குத்தவாளின்னு சொல்லிட்டா எனக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துருவாங்களா? பிள்ளைக இருக்குப்பா."

பத்துச்சீட்டு என்றால் வேலையும் லயத்துக் காம்பராவும் ஒரே நாளில் போய்விடும். அப்படியெல்லாம் ஆகாது, எதிரி பேசக்கூடாது என்று சொன்னேன். பாம்பைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்தான், ரதி. ரதி வேஷக்காரர் என்னோடு கவ்வாத்து வெட்டியவர். மீசையை எடுத்திருந்தாலும் மணிக்கட்டைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். சாட்சி சொல்லுமுன் சத்தியம் செய்யவேண்டும், அது கோர்ட்டு முறை. சிவன்மேல் சத்தியம் என்று ரதி கையை உயர்த்தினார். எதிரிமேல் சாட்சி சத்தியம் செய்வது செல்லாது என்று நான் தடுத்தேன். மாரியாத்தாமேல் என்றார். சித்தப்பா எழுந்து, மாரியாத்தா எதிரிக்குச் சம்சாரம், சம்சாரம் ஒருபக்கமாகத்தான் இருக்கும் என்று ஆட்சேபித்தார். சரியான ஆட்சேபம். முருகன் என்றார்கள். மகன். பிள்ளையார் என்றார்கள். அவரும் மகன். ஒரே குடும்பம் இவ்வளவு பெரிய கோயில்களை வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. கடைசியில் நான்தான் வழி சொன்னேன். ஸ்டோர் இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு, தேயிலை வந்த பிறகு வந்த சாமி. கைலாசத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. ரோதைமுனிமேல் ரதி சத்தியம் செய்தார்.

"ஒங்க புருசன் எரிஞ்சாரா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சாருங்க. எங்கண்ணு முன்னால."

மேல் லயம் தப்பு அடித்தது. நான் கத்தியால் மேசையைத் தட்டினேன்.

"இப்ப அவரு எங்க?"

"இந்தா, பக்கத்துல நிக்கிறாருங்க."

கீழ் லயம் தப்பு அடித்தது.

"எங்களுக்குத் தெரியலையே?"

"ஒங்களுக்கு எதுக்குங்க தெரியணும்? புருசன் எனக்கு."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சித்தப்பா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவர் பக்கத்தில் நிற்கிறார் என்றால் அந்தச் சாம்பல் யாருடையது என்று கேட்டார். ரதி யோசித்துவிட்டு, அது அவர் போட்டிருந்த சட்டைதான் என்று சொன்னார். மாமா எழுந்து, சட்டைதான் எரிந்தது என்று சாட்சியே சொல்லிவிட்டது, தீர்ப்பைச் சொல்லுங்க என்றார். உடம்பே ஆத்துமாவுக்குச் சட்டைதான், ஆகவே எரிந்தது உடம்பு என்றார் சித்தப்பா. இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டார்கள். தப்பு வாரைப் பிடித்து இழுக்கிறார்கள். பெரட்டுக் களத்து மேட்டில் துரை குதிரைமேல் இருந்து பார்க்கிறார். தலைவர்கள் இருவருக்கும் பிணை பங்குனி வரை இருக்கிறது. அவள் பெண்கள் கூட்டத்தில் நின்று என் முகத்தையே பார்க்கிறாள்.

அப்போதுதான் அதிகாரம் எங்கே முடிகிறது என்று நீதவான் ஐயா சொன்ன அந்த வார்த்தை எனக்குப் பயன்பட்டது. நான் எழுந்தேன். சடை ஒரு பக்கம் சரிந்தது, பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் ஒக்காருங்க. இது கோழித் திருட்டு வழக்கு இல்ல. ஒரு உசுரு போயிருச்சா இல்லையாங்கிற வழக்கு. அப்படின்னா இது கொலை வழக்கு. கொலை வழக்குல நீதவான் விசாரிக்கத்தான் முடியும், தீர்ப்புச் சொல்ல அதிகாரம் கெடையாது. சாட்சியக் கேட்டாச்சு. வழக்கப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்புறேன்."

"கண்டிக்குங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கைலாசத்துக்கு."

"அங்க யாருங்க நீதிபதி?"

"சிவன்."

அவரே எதிரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கோர்ட்டு யாருக்கும் தெரியவில்லை. கூட்டுக்குள்ளிருந்து சிவன்தான் வாயைத் திறந்தார், அப்படியானால் நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று. போகலாம் என்றேன்.

இரண்டு கட்சிக்கும் பரம திருப்தி. மேல் கோர்ட்டில் நாம்தான் ஜெயிப்போம் என்று இரண்டும் தப்பு அடித்துக்கொண்டே லயத்துக்குப் போயின. துரை குதிரையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் பௌர்ணமி, வழக்கம்போலக் கம்பத்தை எரித்தோம், ஒரு அடிதடி இல்லை. அட்டன், நானுஓயா பக்கமெல்லாம் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினார்கள். உடப்புசல்லாவையிலிருந்து ஆள் வந்து, இரண்டு கோயில் கமிட்டிச் சண்டையைத் தீர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கோட்டு திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்று மறுத்தேன்.

காப்பை அவிழ்த்ததும் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா வந்தார், அவர் கட்சி தோற்கவில்லையே. வெற்றிலை கொடுத்து உட்காரவைத்த மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்த மாதிரித் தீர்ப்பைத் தன் காலத்தில் கேட்டதில்லை என்றார். பந்தல் எப்போது என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீங்க மாப்ள," என்றார். "நான் என்னா சொன்னேன்? எங்க கட்சி ஜெயிச்சாப் பந்தல், தோத்தா இல்லன்னேன். நீங்கதான் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிட்டீங்களே. தீர்ப்பு வரட்டும்."

அவர் விளையாடவில்லை. மனுசர் வாக்கு மாறாதவர். கைலாசத்திலிருந்து தீர்ப்பு வரும்வரை நான் மாப்பிள்ளைதான், மருமகன் இல்லை. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. தோட்டமே மெச்சிய என் தீர்ப்பு என் கழுத்திலேயே கிடந்தது. நான் ஒவ்வொரு ஞாயிறும் போவேன், தகவல் ஏதும் வந்ததா என்று அவரே என்னைக் கேட்பார்.

ஒரு நாள் அவள் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்போது பாதையில் நின்று பிடித்துக்கொண்டாள்.

"நீங்க குடுத்த தீர்ப்புக்கு நான் கெழவியாயிருவேன் போல. தெரியாமத்தான் கேக்குறேன். வழக்கு முடியுறதுக்கு முன்னாடியே எங்கப்பாவ வீட்டுக்கு விட்டாங்கள்ல, என்னைய மட்டும் ஏன் உள்ளயே வச்சிருக்கீங்க?"

அவள் ஒரு பேச்சுக்குக் கேட்டாள். சட்டம் என் மூளையில்தான் இருந்தது, உடனே பற்றிக்கொண்டது. அன்றைக்கே சித்தப்பாவை இழுத்துக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஆளைப் பிணையில் விடுவது நாடு முழுக்க உள்ள நடைமுறை, உங்களையே அப்படித்தான் விட்டார்கள், அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை, வெற்றி என்றும் சொல்லவில்லை என்று எடுத்துச் சொன்னேன். உங்கள் மகளைப் பிணையில் கொடுங்கள், கைலாசத்துத் தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் அன்றைக்கே கொண்டுவந்து விடுகிறேன்.

மாமா வெகுநேரம் வெற்றிலை மென்றார். கோர்ட்டுக்குப் போய்வந்த மனுசர், பிணை என்றால் என்னவென்று அனுபவித்தவர். மறுக்க அவருக்கு இடமில்லை.

"பிணைக்கு ஆளு வேணுமே," என்றார்.

"நான் இருக்கேன்," என்றார் சித்தப்பா. "ஒனக்கே கையெழுத்துப் போட்டவன், ஒம் மகளுக்குப் போட மாட்டனா?"

மாமா ஒரு நிபந்தனை வைத்தார். பிணையில் போகிற ஆள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து முகம் காட்டவேண்டும், ஓடிப்போகவில்லை என்று நிச்சயப்படுத்த. ஒப்புக்கொண்டோம். ஆவணியில் பந்தல் போட்டார்கள். அந்தத் தோட்டத்தில் பிணையில் நடந்த கல்யாணம் அது ஒன்றுதான். தாலி கட்டும்போது இரண்டு கட்சியும் தப்பு அடித்தது, அதுவும் ஒரே தாளத்தில்.

நீதவான் ஐயா மாற்றலாகிப் போகுமுன் இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். இந்த முறை அவர் லாச்சியைத் திறக்கவில்லை. வெளியில் நின்ற முதலியார் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார், கையிலிருந்த சீனி முழுக்கக் கோட்டில் கொட்டியது. கைலாசத்திலிருந்து பதில் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். "வராது," என்றார். "அங்கையும் வழக்குகள் குவிஞ்சுபோய்க் கிடக்கும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தவறியதில்லை. அட்டனில் குடியேறிய பிறகும் பஸ் பிடித்து வருவோம். மாமா காம்பரா வாசலில் நின்று, கோர்ட்டுச் சேவகன் மாதிரி அந்தச் சங்குக் குரலில் மகள் பேரைக் கூப்பிடுவார். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு "ஆஜர்" என்பாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ச் சோறு. ஒரு முறை மழையில் பஸ் வரவில்லை. திங்கட்கிழமை விடியும்போது மாமாவும் சித்தப்பாவும் ஒரே குடையில் அட்டனுக்கு வந்து கடை வாசலில் நிற்கிறார்கள். பிணைக்காரனையும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஆள் எங்கே என்றார் மாமா. அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆஜரானாள். இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

அந்த இரண்டு பேரும் இப்போது இல்லை. நேராகவே கைலாசத்துக்குப் போயிருக்கிறார்கள், வழக்கு என்ன ஆனது என்று அங்கே விசாரித்திருப்பார்கள். எனக்குத் தகவல் ஏதும் இல்லை. எங்கள் கடைக்குள் மாமாவின் படத்தை மாட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்குமுன் என் மனைவி அதன் முன்னால் போய் நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "ஆஜர்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.